கட்டிலுக்கடியில் இருக்கும் பேட்டரி

பரிபூரணம்,

வத்திராயிருப்பில் பஸ் ஒன்று நின்றுவிட்டதாம், போகிறேன். சோறு வடித்தாயிற்று. நீ ரசம் மட்டும் வை.

பருத்தி ஜின் ஆலை முதலாளி வருவார். அவர் கார் பேட்டரியை நேற்றுச் சோதித்தேன். இந்தத் தடவை உண்மையிலேயே செத்துவிட்டது. நாளை மகன் கல்யாண ஊர்வலத்துக்குக் கார் வேண்டுமாம். புதிய பேட்டரி கட்டிலுக்கடியில் இருக்கிறது. ராஜபாளையத்தில் வேறெவரிடமும் இல்லை. கொடுக்காதே.

உன் மதினி அன்னாளுக்குப் பிரசவ வலி கண்டு நீ கார் கேட்டு ஓடிய அன்று, "பேட்டரி செத்துக் கெடக்கு தாயி, மாட்டு வண்டி கட்டிக்கிட்டுப் போங்க" என்றாரே, அதையே அவருக்குச் சொல். திருவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் வண்டியிலேயே அவள் உயிர் போயிற்று. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்தக் கார் எண்ணெய் மாற்ற நம் பட்டறைக்கு வந்தது. பேட்டரி ஆசிட்டைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன். மூன்று அறையிலும் மிதவை நிமிர்ந்து நின்றது. நல்ல பேட்டரி.

அவரை நம்பினாய் என்று உன்னை ஏசியது என் தவறு.

அண்ணன்
பால்துரை

பின்குறிப்பு: அவர் வீட்டில் யாருக்காவது நோவு என்று வந்தால் கொடுத்துவிடு. ஆனால் அவரே தூக்கிக்கொண்டு போகட்டும். ஆசிட் சிந்தினால் வேட்டி பொத்தலாகும் என்று நீ சொல்ல வேண்டாம்.