தொட்டிக்கும் ஒரு வயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை பழைய சாக்குதானா?

வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன் அல்லவா, அது தீர்ந்தது. சமையலறைக் குப்பையை எரிக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் வந்ததும் நான் வேலை பார்த்த குப்பை எரிக்கும் உலையை மூடிவிட்டார்கள். அந்தக் குப்பையைப் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் தொட்டிக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். பக்கத்து நாட்டில் எரிப்பதற்குத்தான் அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாம். ஒரே பழத்தோல், எல்லையில் ஓடும் ஆற்றுக்கு அந்தக் கரையில் நெருப்புக்குப் போகிறது, இந்தக் கரையில் என்னிடம் வருகிறது.

போன வாரம் ஒரு கூத்து. விடுமுறை முடிந்து குப்பை மலைபோல் வந்து குவிந்தது. பரிமாறும்போது உனக்கு வருகிற அதே வேகம் எனக்கும் வந்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொட்டிக்குள் தள்ளிவிட்டேன். மறுநாள் நுரை பொங்கி வழிந்தது. பயப்படாதே, என் பூட்ஸ் மட்டும்தான் நனைந்தது. ஃபோர்மேன் திட்டக்கூட இல்லை.

"அதுக்கும் வயிறுதானேம்மா, செரிக்க வேண்டாமா? ரெண்டு நாள் பட்டினி போடு, தானா சரியாயிடும்" என்றார்.

அப்படியே சரியானது. என் அறை அடுப்பும் அந்த வாயுவில்தான் எரிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பஸ் வருகிற நேரம், முடிக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று மறக்காமல் எழுது. நான் இன்னும் நம் நாலு பேருக்குத்தான் வடிக்கிறேன். மிச்சமெல்லாம் குப்பை வண்டியேறி என் தொட்டிக்கே வந்து சேர்கிறது.

உன் மகள்