போன வருடத்தைப் பார்த்து எழுது

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். வரி கோணினால் அதனால்தான். பதிலை வழக்கம்போல என் தோழி ‘வானொலி’யின் வீட்டு முகவரிக்கே அனுப்பு. வகுப்பில் நாள் முழுக்க வாயை மூடாதவள், நம் கடிதத்தைப் பற்றி மட்டும் நான்கு மாதமாக மூச்சுவிடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் அப்பாவிடம் லேத்தில் கடைசல் வேலை படித்துவிட்டுப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று மூன்று வருடம் வரை கேட்டு, ஆளுக்கொரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் இல்லையா? இந்த வருடம் அதை எழுதுவது நான். நான் அவர் மகள் மட்டுமில்லை, இப்போது அவர் வகுப்பு மாணவியும்கூட. மறுக்கவா முடியும்?

நாற்பத்தொரு பேரில் பதினேழு பேர்தான் பதில் சொன்னார்கள். மற்றவர்களுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"போன வருஷத்தப் பாத்து எழுது."

"போன வருஷமும் கிடைக்கலன்னா?"

"அதுக்கு முந்தின வருஷத்தப் பாரு."

"‘தொடர்பு கொள்ள முடியவில்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கேப்பா."

"அது சும்மா அழகுக்குப் போட்டிருக்கான். அதுல நாலு டிக் விழுந்தா வகுப்பே சரியில்லன்னு எழுதிடுவாங்க."

அவரையும் குறை சொல்ல முடியவில்லை. பக்கத்துப் பள்ளியில் மரவேலைப் பிரிவை அப்படித்தான் மூடினார்கள். அந்த வாத்தியார் இப்போது நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறார்.

முப்பத்தாறாவது படிவம் உன்னுடையது. போன வருடத்தைப் பார்த்தேன். ‘படித்த தொழிலிலேயே வேலை’ என்று இருந்தது. அப்படியே எழுதிவிட்டேன் அக்கா. நீ சலவைக்கூடத்தில் இருக்கிறாய் என்று தெரிந்தும் என் கையாலேயே எழுதினேன்.

பதினாறாம் தேதி கல்வித்துறைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வருகிறாராம். படிவத்தில் உள்ளது உண்மைதானா என்று சரிபார்ப்பாராம். யாராவது உன்னைத் தேடி வந்து கேட்டால், லேத்தில் வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடேன். உன் காலில் விழுகிறேன்.

உன் தங்கை

———

மார்ச் 9, திங்கள்

என் அன்புப் பயந்தாங்கொள்ளிக்கு,

இரண்டு வருடமாக என்னைப் பற்றிப் பேச்சே எடுக்காத மனிதர், காகிதத்தில் எனக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார். சம்பளமும் அவரே கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்.

நான் ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. லேத் வேலைக்குப் போன அந்தப் பதினொரு நாள்தான் வெட்கம். நாம் படித்தது கையால் சுற்றி ஓட்டுவது; அங்கே எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின். முதல் நாள் அதன் முன்னால் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மேஸ்திரி கேட்டார், "என்னம்மா, கைப்பிடி எங்கன்னு தேடுறியா?" கூடம் முழுக்கச் சிரித்தது. நான் உண்மையாகவே கைப்பிடியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டில் இருந்தேன். "பதினோரு நாள்ல என்ன தெரிஞ்சிடும்? பொறுமை இல்ல உனக்கு" என்றார் அப்பா. அதற்கப்புறம் சண்டை போட்டு நான் வீட்டை விட்டு வந்தது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று. அந்த வருடப் படிவத்தை நானே நிரப்பினேன். பின்பக்கத்திலும் எழுதினேன்: நாங்கள் படித்த மெஷின் இப்போது எந்தப் பட்டறையிலும் இல்லை என்று. அதை அப்பா கையிலேயே கொடுத்தேன். அது எங்கே போயிற்று?

பொய் சொல்லச் சொல்லாதே. என்னால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா

———

மார்ச் 17, செவ்வாய்

அக்கா,

எல்லாம் போச்சு. முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் படிவம் கிடைத்தது. பட்டறை அலமாரியில், லேத் உளிகள் அடுக்கிய தட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அப்பா அதைத் தூக்கிப் போடவில்லை. அதோடு இன்னும் பதினொரு பேருடைய படிவங்களும் இருந்தன. எல்லாவற்றின் பின்பக்கமும் உன்னுடையதைப் போலவேதான். ஒரு அண்ணன், ‘சார், நீங்க நல்லாதான் சொல்லிக் குடுத்தீங்க, ஆனா இங்க அது யாருக்கும் வேணாமாம்’ என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு உறையை அப்படியே வைத்துவிட்டேன்.

நேற்று ஆய்வாளர் வந்தார். ஒல்லியான அம்மா, தோளில் பெரிய பை. எங்கள் எல்லாரையும் லேத் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, கட்டிலிருந்து ஐந்து படிவங்களை உருவினார். முதல் எண்ணுக்குப் போன் போட்டார். அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அது உன் படிவம் அக்கா. நீ வீட்டில் இருந்தபோது கொடுத்த அப்பாவின் எண், வருடா வருடம் அப்படியே ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. நானும்தான் ஏற்றினேன். பின்வரிசையில் ஒருத்தன், "சார், எடுங்க, உங்களுக்குத்தான்" என்றான். வானொலி அவனை ஒரு முறை முறைத்தாள்.

"உங்க பொண்ணா சார்?"

"ஆமா மேடம்."

"இப்ப எங்க வேலை பாக்குறாங்க?"

அப்பா லேத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க சார். அதுவும் ஒரு விவரம்தான். தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதினாத்தான் எங்களுக்கு எதுவுமே தெரியாமப் போகுது." அப்புறம், "மெஷின் பழசுன்னு பசங்க யாரும் சொன்னதில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் அப்பா.

நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. "அலமாரியில இருக்கு மேடம்" என்றேன்.

அவர் பன்னிரண்டையும் நின்றபடியே படித்தார். "மூணு வருஷமா உங்க பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு எங்க காகிதம் சொல்லுது. நல்லா இருக்கறவங்களுக்கு யாரு சார் புது மெஷின் குடுப்பா?"

புதுப் படிவங்கள் கொடுத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் மறுபடி நிரப்பி அனுப்ப வேண்டும். மார்ச் ஒன்றாம் தேதி அவரவர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் இனி இதே தேதி, இதே கணக்கு.

நேற்றிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. வகுப்பை மூடிவிட்டால் அது என்னால்தான். மூடாவிட்டால் அடுத்த வருடம் நானும் எங்கேயாவது கைப்பிடியைத் தேடிக்கொண்டு நிற்பேன். எது நல்லது என்று சொல். உடனே எழுது.

தங்கை

———

மார்ச் 20, வெள்ளி

அடியே,

வாயைத் திறந்தாயே, அதுவே பெரிது. நானாக இருந்தால் அந்தப் போன் அடித்ததற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். பிறகு எங்காவது போய் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

எது நல்லது என்று எனக்குத் தெரியாது. என் பங்குக்கு ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பெயர் வரும்போது அந்த ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டுவிடு. ‘தொடர்பு கொள்ள முடியவில்லை.’ அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. என் முகவரியை மட்டும் சொல்லாதே. சொன்னால் இனி உனக்கு எழுதமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்கா

———

மார்ச் 24, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்துவிட்டு நீ கிழித்தாலும் கிழிப்பாய். முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமையிலிருந்து அப்பா சாப்பாட்டு மேசையில் புதுப் படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். "லேத் வாத்தியார் பேசறேன்டா. இல்லடா, திட்டக் கூப்பிடல. இப்ப என்ன பண்றேன்னு கேக்கத்தான்." ஒருவர் பெயின்ட் கடையில் இருக்கிறார், ஒருவர் வேன் ஓட்டுகிறார். மறுமுனையில் சொல்லச் சொல்ல அப்பா என்னைப் பார்க்காமல், "எழுதிக்கோ" என்பார். எழுதுவேன். படித்த தொழிலில் இருப்பவர்கள் ஒன்பது பேர்தான். கிடைக்காத ஆறு பேருக்கு ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டபோது, ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்று உன் படிவம் வந்தது. நீ சொன்னபடியே பேனாவை ஐந்தாவது கட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

"அத வை" என்றார். "அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆறு பேருக்கு அந்தக் கட்டம் உண்மை. உனக்கு அது பொய், அக்கா. அதை எழுதியிருந்தால் மறுபடியும் பழைய படிவம்தானே?

"தெரியும்" என்றேன்.

"எத்தன நாளா?"

"நாலு மாசமா."

அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். சமையலறையில் அம்மா குழாயை நிறுத்தியது கேட்டது. அப்பா, "பஸ் மாறணுமா?" என்று கேட்டார்.

முகவரியைச் சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிறு உன்னிடம் வருகிறார். படிவத்தையும் இரண்டு பேனாவையும் இப்போதே எடுத்து வைத்துவிட்டார். அவரை உனக்குத் தெரியும். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கமாட்டார், படிவத்தில் அது இல்லை. பெயர், வயது, தொழில் என்று வரிசையாகக் கேட்பார். கோபப்படாமல் பதில் சொல். ஏழாவது கேள்வி, ‘பள்ளியில் கற்றது வேலைக்கு உதவியதா?’ என்பது. அதைப் படித்துவிட்டு இன்று பேனாவை மூடிவிட்டார். நீ பின்பக்கத்தில் எழுதியதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்.

இனி எனக்கு எழுதாவிட்டால் எழுதாதே. ஆனால் நீ அன்று இல்லையென்றால், அவர் திரும்பி வந்து உன் பெயருக்கு நேரே அந்த டிக்கைத் தன் கையால் போட வேண்டியிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரு, அக்கா.

உன் பயந்தாங்கொள்ளி