உப்புத் தீவின் ஐந்தாம் பாகம்

பாறசாலை,
22 ஜூன் 2025

அன்பு மகள் தன்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் இங்கே சுகம், கொஞ்சம் இருமல் மட்டும் உண்டு. நீயும் அம்மாவும் சுகமாக இருப்பதாக ஜெயபாய் சொன்னாள். வாயனசாலையிலிருந்து வீடு வீடாக நூலகப் புத்தகம் கொண்டு போகிறவள் ஆனதால் உங்கள் கொல்லயில் ஊர்ச் சங்கதி முழுவதும் அவள் பையில் இருக்கிறது. வாசிப்பு தினத்துக்கு நீ எழுதிய குறிப்பைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்களாம். ‘உப்புத் தீவின் மந்திரவாதி’ ஐந்து பாகத்தையும் இரண்டு தரம் வாசித்துவிட்டாயாமே. கேட்டதும் அவளிடமிருந்து முதல் பாகத்தை நானும் வாங்கினேன். வாசித்து முடித்துவிட்டேன்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். மழையை வரவழைக்கும் வித்தை நாலைந்து மந்திரவாதிகள் கையில் மட்டும் இருப்பது சுரண்டல். உப்பு வாரி வாழும் தீவு மக்களுக்கு அதில் பங்கு வேண்டும். பையன் ஓரின், சிநேகிதர்கள் முன்னால் பவிசு காட்டப் புயலை எழுப்பி ஒரு மீனவனின் தோணியை மூழ்கடித்தது பெரிய தப்பு. மந்திரம் செய்வதே வேதத்துக்கு விரோதம், ஆனாலும் அவன் மனந்திரும்பினான் என்பதால் மன்னிக்கலாம். அவனை மந்திரப் பள்ளியில் விட வந்த அவன் அப்பன், தோணியைத் திருப்பிக்கொண்டு போகும்போது ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை அல்லவா. தன் கண் கலங்கியிருப்பதைப் பையன் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பான்.

போனில் கேட்க வழியில்லை, என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் இதைப் புத்தகத்துக்குள் வைத்து ஜெயபாயிடம் கொடுக்கிறேன். ஓணத்துக்கு உன்னைப் பார்க்க வீட்டுக்கு வரட்டுமா? ஒரு மணி நேரம் போதும்.

அன்புடன்,
அப்பா
சுயம்பு

*

கொல்லயில்,
29 ஜூன் 2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவும் பார்த்தாள். கிழிக்கவில்லை, மடித்து என்னிடமே தந்துவிட்டாள்.

எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. முதல் சந்தேகம், அந்தப் புத்தகம் மலையாளத்தில் இருக்கிறது. நீங்கள் பேசுவீர்கள், சண்டை போடுவீர்கள், ஆனால் வாசிக்கத் தெரியாது. நீங்கள் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். பஸ் போர்டைக்கூட என்னிடம் கேட்டுத்தான் ஏறுவீர்கள். எனக்குத் தமிழ் எழுத்தை நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள், அதனால்தான் இந்தக் கடிதமே தமிழில் போகிறது. அப்படியிருக்க ‘வாசித்து முடித்துவிட்டேன்’ என்று எப்படி எழுதினீர்கள்?

அடுத்தது, உங்கள் கடிதத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். ஒருவர் கட்சி மீட்டிங்கில் பேசுகிறார். இன்னொருவர் பிரசங்கம் செய்கிறார். மூன்றாவது ஆள் நீங்கள்தானா என்று தெரியவில்லை. நாம் பகவதி கோயிலுக்குப் போகிற குடும்பம், மந்திரம் வேதத்துக்கு விரோதம் என்று உங்களுக்கு எப்போது தோன்ற ஆரம்பித்தது? யாரோ எழுதித் தந்ததை அப்படியே பகர்த்தி அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நாகர்கோவில் கடையில் வேலை போன பிறகும் ஆறு மாதம் நீங்கள் டிபன் பாத்திரத்தோடு காலை பஸ்ஸில் ஏறினீர்கள். மார்த்தாண்டத்துக்கு விளையாட்டுப் போட்டிக்குப் போன அன்று களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் இருந்து நீங்கள் சாப்பிடுவதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று சாயங்காலம் வந்து, கடையில் நடந்தது என்று ஒரு கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்கு அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வருகிறது.

ஓணத்துக்கு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. உங்களுக்கு யார் வாசித்துத் தருகிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

தன்யா எஸ்.

*

பாறசாலை,
6 ஜூலை 2025

அன்புள்ள மக்களே,

வசமாகப் பிடித்துவிட்டாய், தன்யா. எனக்கு வாசித்துத் தருவது ராஜப்பன். இங்கே ஜங்ஷனில் எங்கள் சுமட்டு யூனியன் ஷெட் இருக்கிறது. லாரி வந்தால் சிமென்ட்டும் அரிசி மூட்டையும் இறக்குவோம், வராத நேரத்தில் ராஜப்பன் பேப்பரை உரக்க வாசிப்பான், மற்றவர்கள் கேட்போம். உன் புத்தகத்தை நான் அவனிடம் கொடுத்தபோது, “எலே, இது பிள்ளைகளுக்க புக்கு ஆக்கும், நமக்கு என்னத்துக்கு?” என்று கேட்டான். ஒரு பக்கம் மட்டும் வாசி என்றேன். இரண்டாம் நாள் பேப்பர் பிரிக்காமலே கிடந்தது.

சுரண்டல் என்று சொன்னது ராஜப்பன். அவனுக்கு மந்திரவாதிகள் எல்லாரையும் ஒரு யூனியனில் சேர்த்துவிட வேண்டும். வேதத்துக்கு விரோதம் என்றது ரெத்தினதாஸ், சபைக் கமிட்டியில் இருக்கிறான். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு தள்ளி இருந்தான். நேற்று லாரி வந்து ஹார்ன் அடித்தபோது, “நில்லும் ஓய், அந்தப் பையனுக்க வாத்தியான் உண்மையைக் கண்டுபிடிச்சானா இல்லியான்னு பாத்துட்டு வாறோம்” என்று டிரைவரைச் சத்தம் போட்டவனும் அவன்தான். அவர்கள் சொன்னது என்னுடையதைவிட நன்றாக இருந்ததால் சேர்த்து எழுதினேன். நீ படிக்கிற பெண், வெறும் ஆள் என்று என்னை நினைத்துவிடக் கூடாதே என்கிற ஆசை. வாசித்தேன் என்று எழுதியதும் அந்த ஆசையில்தான்.

அந்த அப்பனைப் பற்றி எழுதியது மட்டும் என்னுடையது. இரண்டாம் பாகமும் கேட்டு முடித்தாயிற்று. உன் கையில் இருக்கும் பாகங்களை ஜெயபாயிடம் கொடுத்துவிடு, இங்கே ஷெட்டில் எனக்கு நிம்மதி இல்லை.

நான் வருவதற்கு அம்மாவின் தடை உண்டா, உன் தடைதானா? அதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா

*

கொல்லயில்,
20 ஜூலை 2025

அப்பாவுக்கு,

மூன்றும் நான்கும் கொடுத்துவிட்டேன். ராஜப்பன் மாமனிடம் சொல்லுங்கள், மூன்றாம் பாகத்தில் உப்பளக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்கிற அத்தியாயம் உண்டு. அவருக்குப் பிடிக்கும்.

நீங்கள் உங்களுடையது என்று சொன்னதில்தான் என் சந்தேகம் கூடுகிறது. ஓரினின் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை என்று மட்டும்தான் புத்தகத்தில் இருக்கிறது. கண் கலங்கியது என்று எங்கேயும் இல்லை. நான் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். என் குறிப்பில் நான் எழுதியது வேறே. அவருக்குப் பிள்ளை பாரம், இறக்கி வைத்தாயிற்று என்று போய்விட்டார், அதனால்தான் அவன் அவ்வளவு கோபக்காரனாக வளர்ந்தான் என்று எழுதினேன். அதற்குத்தான் பரிசு கிடைத்தது. நீங்கள் அந்த ஆளுக்காகப் பேசவில்லை, உங்களுக்காகப் பேசுகிறீர்கள். வீட்டை விட்டுப் போன அன்று நீங்களும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன்.

தடை அம்மாவுடையது இல்லை. “உனக்க அப்பன், உனக்க இஷ்டம்” என்று விட்டுவிட்டாள். தடை என்னுடையது.

ஐந்தாம் பாகத்தைக் கொடுக்க மாட்டேன். அது என் கையில்தான் இருக்கிறது, வாயனசாலையில் தவணையைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்துக்கொள்வேன். உங்களை வீட்டுக்குள் விடலாம் என்று எனக்கு என்றைக்காவது தோன்றினால் அதை நானே உங்களுக்கு வாசித்துத் தருவேன். அதுவரை வேறு யார் வாயிலிருந்தும் அதன் முடிவை நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்காதீர்கள்.

இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? போனேன் என்று சும்மா எழுத வேண்டாம்.

தன்யா

*

பாறசாலை,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மக்களே,

பதில் எழுதப் பிந்திவிட்டது. ஓண லோடு, நிமிர நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாளைக்குப் போகிறேன் என்று எழுத வந்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன்.

நீ ஜன்னலில் நின்றது எனக்குத் தெரியாது. கண் கலங்கியது என்று புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம். நான் நடந்து போனபோது கலங்கியது. உனக்குப் பரிசு வாங்கித் தந்த குறிப்பும் சரியாகவே இருக்கட்டும், நின்று பார்த்தவள் நீ.

இங்கே ஒரு சங்கடம் நடந்தது. நான்காம் பாகம் ஓரின் காணாமல் போகிற இடத்தில் முடிந்ததும் ஷெட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ராஜப்பன் நெய்யாற்றின்கரையில் யாரிடமோ கேட்டு ஐந்தாம் பாகத்தைக் கொண்டு வந்துவிட்டான். “எனக்க மக வாசிச்சுத் தருவா, எனக்கு இப்ப வேண்டாம்” என்று சொன்னேன். “அவ உன்னை வீட்டில ஏத்தலேண்ணா நீ சாவுற வரைக்கும் முடிவு தெரியாம இருப்பியா?” என்றான். தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்று எழுந்து எதிரே சாயாக்கடைக்குப் போனேன். அவன் வாசித்து முடிக்கிற வரை தினமும் அப்படித்தான். மழை வேறே. லாரி வந்தால் மட்டும் ஷெட்டுக்கு வருவேன்.

ஒரு நாள் தார்ப்பாய் எடுக்க உள்ளே போனபோது ஒரு வரி காதில் விழுந்துவிட்டது. ‘அவன் கதவைத் தட்டினான்’ என்று. யார் தட்டியது, எந்தக் கதவு என்று தெரியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முடித்த அன்று ரெத்தினதாஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தான். நல்ல முடிவா கெட்ட முடிவா என்று நான் கேட்கவில்லை.

இதை நீ நம்புவதற்கு என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. நான் இருந்த இருப்பில் நீ நம்பாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனசு தாங்காது மக்களே, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா

*

கொல்லயில்,
31 ஆகஸ்ட் 2025

அப்பா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். பொய் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் வாசித்தேன். தார்ப்பாய் எடுக்கப் போனதையும் அந்த ஒரு வரியையும் நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே செய்யாது. எனக்குத் தெரிந்துவிடும் என்று போன கடிதத்தில் எழுதியது சும்மா மிரட்டல்.

திருவோணத்தன்று வேண்டாம், மாமாமார் வருவார்கள், பேச்சு வளரும். மறுநாள் அவிட்டத்துக்கு வாருங்கள், மதியம் மூன்று மணிக்கு. ஒரு மணி நேரத்தில் முடிகிற புத்தகம் இல்லை அது. அம்மாவிடம் சொன்னேன். “வாறதானா பகல்ல, முன்வாசல் வழியா வரச் சொல்லு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை, நீங்களும் அவளிடம் வேறொன்றும் எதிர்பார்த்து வராதீர்கள். எனக்கும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வாசிக்கும்போது கோபம் வந்தால் பாதியில் மூடி வைத்துவிடுவேன், நீங்கள் எழுந்து போக வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். ஜெயபாய் அக்கா கடிதத்தைத் தரும்போது ராஜப்பன் மாமனின் நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தாள். “விளிச்சுக் கேளு மக்கா. உனக்க அப்பன் ஷெட்டுக்க உள்ள இருந்தானா வெளிய இருந்தானாண்ணு அவன் சொல்லுவான், அவன் பொய் பேசமாட்டான்” என்றாள். காகிதம் இரண்டு நாளாக மேசைமேல் கிடக்கிறது.

நான் கூப்பிடவில்லை.

உங்கள் மகள்,
தன்யா