நல்ல முட்டிக்குத் தடவிய களிம்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் மகள் வக்கீல் பரீட்சையில் தேறிவிட்டாள், கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறது. அவள் தம்பிக்கு பஸ் கம்பெனியில் வேலை, அவனுக்குக் கீழே ஒன்பது பேராம். உன் சின்னவள் நீச்சலில் கோப்பை வாங்கியதைத் தெருவில் சொல்லாத வீடில்லை.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. எழுதவே கை கூசுகிறது. மாதவிலக்கு நின்று பதினாறு வருஷம் கழித்து எனக்கு மறுபடி இரத்தம் பட்டது. யாரும் எழுவதற்கு முன் என் துணியை நானே அலசிப் போட்டுவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை, மூன்று தடவை போனேன். டாக்டரும் பெண்தான். ஆனால் பக்கத்து நாற்காலியில் உன் அண்ணன். வக்கீலுக்குப் பாட்டி, மகன் முன்னால் இதை எப்படிச் சொல்வேன்? வாயில் வந்தது முட்டி வலி. மூன்று தடவையும் களிம்பு கொடுத்தார்கள், கல் மாதிரி இருக்கிற முட்டியில் எட்டு மாதம் தடவினேன். போர்வையில் கறை பார்த்து உன் அண்ணிதான் கண்டுபிடித்தாள். அடுத்த தடவை உன் அண்ணனை டோக்கன் வாங்க அனுப்பிவிட்டு அவளே டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் என்னையே பார்த்து, “ஏம்மா, இத்தனை நாளா நல்ல முட்டியையா காட்டிக்கிட்டு இருந்தீங்க?” என்றாள். தலை நிமிர முடியவில்லை. சதை எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பையில் புற்றுநோய். முதலிலேயே சொல்லியிருந்தால் ஆபரேஷனோடு போயிருக்குமாம், இப்போது அதற்குப் பிறகு கரண்டும் வைக்க வேண்டுமாம், கதிர் சிகிச்சையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். புதன்கிழமை ஆபரேஷன்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. ஆறு மாதம் முன்பு நீ போனில், மாதத்தின் நடுவிலும் படுகிறது அம்மா என்றாய். நான், “வயசானா அப்படித்தான்டி, வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத” என்றேன். அப்போது எனக்கே படத் தொடங்கி இரண்டு மாதம். நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. என் பேச்சைக் கேட்கிற பிள்ளை நீ, அதுதான் எனக்குத் தூக்கம் இல்லை. என்னைப் பார்க்க ஓடிவராதே. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, துணைக்கு வருகிறவரை வெளியே உட்காரச் சொல், இருப்பதை இருக்கிறபடி சொல். முட்டி, முதுகு என்று ஆரம்பிக்காதே.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் தாயே.

உன் அம்மா

சுவரில் உன் பிள்ளைகள் கோப்பையோடு நிற்கிறார்கள், உன் படம்தான் பழசு. டாக்டரைப் பார்த்துவிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே, கையில் சீட்டோடு நின்று ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. கோப்பைகளுக்கு நடுவில் மாட்டுகிறேன்.