ஜீப்பின் மேல் ஏற்றிய பாண் பெட்டி

பக்கத்து வளவில் பழைய இரும்பு வாசற்கேற் ஒன்றின் பெயின்ரைச் சூடு காட்டிச் சுரண்டுகிறார்கள். அந்தக் கருகல் மணம் காலையிலிருந்து என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. உரும்பிராயில் உன் வளவு, மாட்டுக்கொட்டில், அதற்குள் அந்த ஜீப். மனதால் அங்கே போய் நிற்கிறேன், மச்சான்.

உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் ஏலத்தில் விற்றுவிட்டுப் போன ஜீப் அது. உன் ஐயா வாங்கினார். கடைசியில் அதற்குள் கோழிகள் அடைகாத்தன. நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். தொண்ணூறில் திரும்பவும் சண்டை மூண்டு தடை வந்தபிறகு மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஊரே சோர்ந்திருந்தபோது நீ அதன் பழைய பெயின்ரை இதேபோலச் சூடு காட்டிச் சுரண்டி, தகர உடலைப் பழையபடி ஆக்கத் தொடங்கினாய். மின்சாரம் இல்லாமல் வெல்டிங் வைத்து ஒட்டுவதற்கு வழியில்லை. துரு தின்ற இடங்களை வெட்டியெடுத்து, எண்ணெய்ப் பீப்பாயை விரித்துத் தட்டிய தகரத்தை அளவாக வெட்டி, ஆணி இறுக்கிப் பொருத்தினாய். மேடுபள்ளத்தை மறைத்துப் பூசுவது உனக்குப் பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாய். கைக்கு ஒன்றும் தட்டுப்படாத வரைக்கும் விடமாட்டாய்.

ஒருநாள் நான் ஒரு நெளிவின் நடுவில் ஓங்கி அடித்தேன். கையைப் பிடித்தாய்.

"நடுவிலை அடியாதை. ஓரத்திலையிருந்து மெல்ல வா. அடிச்சு அடிச்சுத் தகரத்தைப் பெருப்பிச்சால் பிறகு ஓரிடத்திலையும் பொருந்தாது. உன்ரை கோபம் மாதிரி."

என் கோபத்துக்குக் காரணம் உனக்குத் தெரியும். முதற் பிள்ளைக்கு நோவெடுத்தபோது வாகனம் கிடைக்காமல் மனைவியை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனேன். பிள்ளை தங்கவில்லை. அந்தக் கோபம்தான். இரண்டாம் முறை, பெரியப்பாவின் மகனிடம் முன்கூட்டியே போய்க் கேட்டேன். அவனிடம் காரும் இருந்தது, ஒளித்து வைத்த பெற்றோலும் இருந்தது. "பாப்பம்" என்றான். வாசலில் நிற்கவைத்தே சொன்னான்.

உன்னிடம் வந்து சொன்னபோது ஜீப் முடிந்திருந்தது. பச்சைப் பெயின்ற் காய்ந்து மூன்று நாளும் ஆகவில்லை.

"நான் கொண்டுபோறன்" என்றாய்.

"உதிலையோ? மேலையிருந்து ஆமி ஹெலிக்காரன் பார்த்தால் இயக்கப் பெடியளின்ரை ஜீப் எண்டு அடிப்பான்."

"ஓம். அப்ப உது ஜீப்பா இருக்கக்கூடாது."

அடுத்தநாள் கைத்துறப்பணத்தை எடுத்தாய். ஒரு வருடமாய்த் தடவித் தடவி மட்டமாக்கிய அந்தப் பக்கத் தகரத்தில் துளைபோட வந்தாய். நான் செய்கிறேன் என்று கேட்டேன். "வேண்டாம். நான் செய்ததிலை நான்தான் ஓட்டை போடோணும்." கைப்பிடியைச் சுற்றும்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. மரச்சட்டம் ஏற்றி, மேலே தகரம் அடித்துப் பெட்டியாக்கி, முழுவதும் வெள்ளை பூசினாய். நீ பார்த்துப் பார்த்துச் செய்த ஜீப் பேக்கரியிலிருந்து ரொட்டி விற்க வரும் ஒரு பாண் வான் ஆகிவிட்டது.

தெருவில் ஓட்டிப் பார்த்தபோது பெட்டிக்கடைச் சந்தியில் கூப்பிட்டார்கள்: "அண்ணை, அச்சுப்பாண் இருக்கோ?"

"போறணை அடுப்பு இன்னும் சூடேறேல்லை" என்றாய் சிரிக்காமல்.

பத்து நாள் கழித்து, நல்ல மத்தியானத்தில் மனைவிக்கு நோவெடுத்தது. பெற்றோலுக்குப் பதிலாக ஊற்றிய மண்ணெண்ணெயின் புகையைக் கக்கிக்கொண்டு பலாலி வீதியால் போனோம். கோண்டாவில் தாண்டுகையில் ஹெலி வந்தது. ஒருமுறை வட்டமிட்டது, பிறகு தாழப் பதிந்து இன்னொருமுறை. மனைவியின் நகங்கள் என் கையில் இறங்கின. நீ வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"பயப்பிடாதை தங்கச்சி. பாண் வானைக் கண்டால் அவனுக்கும் பசிக்கும். சுடமாட்டான்."

அந்த நோவிலும் அவள் சிரித்துவிட்டாள். ஹெலி கடற்பக்கம் திரும்பியது. அன்று பின்னேரம் என் மகள் பிறந்தாள்.

இனிப் பெட்டியைக் கழற்றுவோம் என்று நான் சொன்னேன். "அயலிலை இன்னொரு பிள்ளைத்தாச்சிக்கும் மாதம் கிட்டுது. கிடக்கட்டும்" என்றாய். அதற்குப் பிறகும் யாருக்காவது மாதம் கிட்டிக்கொண்டே இருந்தது. காய்ச்சலில் நீ கண்மூடும் வரைக்கும் பெட்டி இறங்கவில்லை. அந்த ஜீப்பை அதன் சொந்த உருவில் நீ ஒருநாள்கூட வீதியில் ஓட்டவில்லை.

பெரியப்பாவின் மகன் போன மாதம் கனடாவிலிருந்து வந்திருந்தான். "நீ சொல்லியிருந்தால் நான் கொண்டுபோயிருப்பன்தானே" என்றான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். "விடுங்கோ அப்பா, பழைய கதை" என்கிறாள் மகள். நான் விடமாட்டேன். அவன் வாசலில் நிற்கவைத்துச் சொன்ன "பாப்பம்" என்ற அந்த ஒரு சொல்லை நினைக்கும் ஒவ்வொரு தடவையும், பின்னாலேயே நீ வந்து "நான் கொண்டுபோறன்" என்கிறாய். அதைக் கேட்பதற்காகவே அவனை மறக்க எனக்கு மனம் வரவில்லை.