மேம்பாலத்தில் கூடிய இரண்டு நிமிடங்கள்

என் பாசத்துக்குரிய மச்சான் செல்வத்துக்கு,

நீ போய் ஓராண்டும் சில வாரங்களும் ஆகிவிட்டன. இத்தனை நாள் எழுதாததற்கு நேரமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது. திருவிடைமருதூரில் செல்போன் கடை வைத்திருப்பவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? பயந்துகொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்தால் எதை எழுத வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் கவிதா பிளஸ் டூ நல்லபடியாக முடித்து, திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். நீ வயர்மேனாக இருந்த கரண்ட் ஆபீசில் உன் வீட்டுக்காரி வளர்மதிக்கு வாரிசு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஃபைல் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. வயலில் உளுந்து பிடுங்கியாகிவிட்டது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

வருடா வருடம் நாம் பார்க்கிற ஐரோப்பா மலை சைக்கிள் பந்தயமும் வந்து போய்விட்டது, செல்வம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உன்னைத் தவிர வேறு யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது ஒரு நாள் சாலையை மறித்து சைக்கிள் பந்தயம் விட்டார்கள். நூறு நூற்றைம்பது பேர் சத்தமே இல்லாமல் என்னைக் கடந்துபோனார்கள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. ஊர் திரும்பியதும் அதை உனக்கும், பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் ராபர்ட் சாருக்கும், மினி பஸ் ஓட்டும் குமரேசனுக்கும் ஒட்டவைத்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரையைத் தவிர வேறெதையும் பார்க்காத நான்கு பேர், ஐரோப்பாவில் எவனோ மலை ஏறுவதைப் பற்றி என் கடையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். வாங்கிய போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டக் காத்திருந்தவர்கள் நம்மைப் பார்த்த பார்வை உனக்கு ஞாபகம் இருக்கும்.

பார்ப்பது மட்டும் போதவில்லை நமக்கு. ஞாயிறு காலை, நான் தொழுதுவிட்டு வந்ததும், கடை வாசலில் இருந்து ஒவ்வொருவராக ஒரு நிமிட இடைவெளியில் சைக்கிளில் கிளம்புவோம். ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கி, மறுபடி ஏறித் திரும்ப வேண்டும். நமக்கு இருந்த ஒரே மலை அதுதான். நேரத்தை வாட்ஸப் குரூப்பில் போடுவோம். போட்ட கையோடு கிண்டலும் ஆரம்பித்துவிடும்.

உன் நேரம் எப்போதும் பன்னிரண்டு நிமிடத்தை ஒட்டியே இருக்கும். கம்பம் ஏறி ஏறி இறுகிய கால் அல்லவா? போன வருடம் தை மாதத்தில் அது பன்னிரண்டரை ஆனது. அப்புறம் பதின்மூன்று. மாசியில் பதினாலு. குமரேசன் டயரில் காற்று இல்லை என்றான். ராபர்ட் சார் எதிர்க்காற்று என்றார். நான் என்ன எழுதினேன் தெரியுமா? மாட்டுவண்டி உன்னை முந்துகிறது மச்சான், கொஞ்சம் ஒதுங்கி வழி விடு என்று எழுதினேன். நீயும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டாய்.

அதற்கடுத்த ஞாயிறு நீ மேம்பாலத்துக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாய். நான் பின்னால் வந்து நிறுத்தினேன். நீ நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய்.

“ஏறும்போது இங்க ஒரு மாதிரி இறுக்குது மச்சான். எறங்கிட்டா சரியாயிடுது. வீட்ல சொல்லிடாத. பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், நானே போய்ப் பாத்துக்கறேன்” என்றாய்.

“சரி, சொல்லல” என்றேன். நடந்தது அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தாய். பரீட்சை முடிய இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி இருந்தது.

உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பிறகு வளர்மதி கேட்டாள், “முன்னாடி ஏதாச்சும் சொன்னாராண்ணே?” என்று. இல்லம்மா என்றேன். யோசிக்காமல் வந்த பொய். அதற்கப்புறம் ஒரு வருடமாக யோசித்து யோசித்துக் காப்பாற்றிய பொய்.

இந்த வருடப் பந்தயத்துக்கு வருகிறேன். ஐந்து நாள் மலையில் ஓட்டிவிட்டார்கள். ஆறாவது நாள் டைம் ட்ரயல். கூட்டமில்லை, மறைந்துகொள்ள முன்னால் ஒரு முதுகு இல்லை. ஒவ்வொருவனும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். நீ பட்டப்பெயர் வைத்த இரண்டு பேர்தான் மொத்த நேரத்தில் முன்னால் நின்றார்கள். ஒல்லி உடம்பும் நீள் கழுத்துமாக மலை ஏறுகிற ‘கொக்கு’ முதலிடம். சமதரையில் உழுதுகொண்டு போகிற ‘டிராக்டர்’ அவனுக்கு முப்பத்தொரு செகண்டு பின்னால்.

டைம் ட்ரயல் அன்று சாயங்காலம் நாலு மணிக்கே மூவரும் கடையில் கூடிவிட்டோம். முதல் ஆள் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. முப்பத்தொரு செகண்டு தாங்குமா என்பதுதான் வழக்கு. பாதையில் இரண்டு மேடு இருக்கிறது, கொக்கு அங்கே சமாளித்துவிடுவான் என்று குமரேசன் ஒரே பிடியாக நின்றான்.

“அவன் தாங்க மாட்டான்ங்க” என்றார் ராபர்ட் சார். “நேத்து கடைசி ஏத்தத்துல பதினோரு செகண்டு விட்டான் பாருங்க. ஏத்தத்துல எப்பவும் விடாத ஆளு. அவனுக்கு ஒடம்பு சரியில்ல.”

நானும் சேர்ந்துகொண்டேன். தோள் ஆடுவதைப் பார்த்தேன், வாயைத் திறந்து மூச்சு வாங்கினான், இது களைப்பு இல்லை, நோய் என்று அடித்துச் சொன்னேன். போதாதென்று அதையே குரூப்பிலும் போட்டேன், எனக்கு என்னவோ பெரிய டாக்டர் என்கிற நினைப்பு.

சற்று நேரத்தில் எங்கள் மூன்று போனும் ஒன்றாக ஒலித்தன. குரூப்பில் உன் நம்பரில் இருந்து ஒரு செய்தி.

“பதினோரு செகண்டுக்கே அவருக்கு உடம்பு சரியில்லைன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. இவருக்கு ரெண்டு நிமிஷம் கூடிச்சே. யாருக்கும் தோணலையா அண்ணே?”

வளர்மதி உன் போனுக்கு இன்னமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள். இந்த ஐந்து நாளும் நாங்கள் பேசிக்கொண்டதைப் படித்திருக்கிறாள். படித்துக்கொண்டே மேலே மேலே தள்ளி, போன வருட மாசிக்கும் தைக்கும் போயிருக்கிறாள். என் மாட்டுவண்டியையும் படித்திருப்பாள்.

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். ராபர்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர்களுக்குத் தெரியாமல் போனது உண்மை. எனக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. கடையை அவர்களிடம் விட்டுவிட்டு உன் வீட்டுக்குப் போனேன்.

வளர்மதி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

“எனக்குத் தெரியும்மா. என்கிட்ட சொன்னான். நெஞ்சு இறுக்குதுன்னான். உன்கிட்ட சொல்ல வேணாம்னான்.”

“எப்ப?”

“அவன் போறதுக்குப் பதினஞ்சு நாளைக்கு முன்னாடி.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மிஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பதினஞ்சு நாளு. கும்மோணம் பெரியாஸ்பத்திரி அரை மணி நேரம். சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன். பரீட்சையாவது ஒண்ணாவது.”

அவள் சக்கரத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எங்க கல்யாணத்துக்கு எங்க வீட்லேருந்து ஒரு ஆளு வரல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எம் பக்கத்துல நின்னு கையெழுத்துப் போட்டது நீங்க. அவருக்கு மச்சான்னா எனக்கு அண்ணன்னு அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க. கூடப்பொறந்தவனா இருந்தா எங்கிட்ட ஓடியாந்து சொல்லிருப்பானா, மாட்டானா?”

சொல்லியிருப்பான். வேறென்ன பதில் இருக்கிறது, செல்வம்? நீ கேட்டதற்காக வாயை மூடிக்கொண்டேன். அதை நட்பு என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக அவளுக்கு அண்ணனாக இல்லாமல் போனேன். நீயும் கொஞ்சம் தப்புதான் செய்தாய், மச்சான். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பவன் பழியை இறந்தவன் தலையில் கட்டக் கூடாது.

“நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்” என்றாள். நான் கிளம்பி வாசல்படி இறங்கும்போது, “போயிட்டு வாங்க” என்றாள். இருபது வருடத்தில் முதல்முறையாக, பின்னால் அண்ணே என்ற சொல் வரவில்லை.

அன்று பந்தயத்தை நான் பார்க்கவில்லை. மறுநாள் ராபர்ட் சார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். கொக்கு தோற்றுவிட்டான். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், அவனே சொன்னானாம். நாங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறோம்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் ஆகிறது. கரண்ட் ஆபீஸ் ஃபைலுக்காக நேற்று தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கி அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நாற்காலி மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குடித்துவிட்டு வந்தேன்.

உனக்கு ஒரே ஒரு வாக்குத் தருகிறேன், செல்வம். மன்னிக்கச் சொல்லி அவளைக் கேட்க மாட்டேன். அது அவள்மேல் இன்னொரு சுமை. அந்த ஃபைல் முடிகிற வரை அலைவேன், கவிதா படித்து முடிக்கிற வரை கூட நிற்பேன். நாளை அவள் கல்யாணத்தில் தாய்மாமனைக் கூப்பிட்டால் முன்னால் வருவேன். கூப்பிடாவிட்டால் பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, கடைசி இலை எடுக்கும் வரை இருந்துவிட்டு வருவேன்.

உனக்கு என்றும் மச்சான்,
வளர்மதிக்கு அண்ணனாக இருந்திருக்க வேண்டியவன்,
ஜபருல்லா