யென்னுக்கு வைத்த இன்னொரு பெயர்

இன்று காலை பிரசவ வார்டின் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். புதிதாக வந்திருக்கும் மேட்ரன், "இது ஏன் இருபது நிமிஷம் முந்தி ஓடுது?" என்று கேட்டார். ஆயாக்கள் வேலைக்கு நேரத்தோடு வரவேண்டும் என்று பழைய மேட்ரன் அப்படித் திருப்பி வைத்திருந்ததைச் சொன்னேன். "நல்ல ஆஸ்பத்திரி" என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்மூடி எட்டு மாதம் ஆகிறது.

பத்து வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம், அந்தக் கடிகாரத்துக்கு நேர் எதிர்க் கட்டிலில்தான் நீ படுத்திருந்தாய். கண்டோன்மென்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் சீனக்காரரின் மனைவி; ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வலியில் நீ திட்டிய தமிழ் வார்த்தைகளில் பாதி, தமிழர்கள் நிறைந்த காக்ஸ் டவுனில் வளர்ந்த எனக்கே தெரியாது. பெண் குழந்தை. நிமிர்ந்து பார்த்தேன், மத்தியானம் மணி ஒன்று பத்து. அப்படியே ரிஜிஸ்டரில் எழுதினேன்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஜாதகம் பார்க்கிற குடும்பமென்றால் கடிகார நேரத்தில் இருபது நிமிடத்தைக் கழித்துவிட்டு எழுதுவோம். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குக் கழிப்பதில்லை. யார் கேட்கப் போகிறார்கள்? உன்னையும் நான் கேட்காதவர்கள் பக்கம் சேர்த்துவிட்டேன். விசாரிக்கக்கூட இல்லை.

மறுநாள் உன் கணவர் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டு போனார். கல்கத்தாவில் இருக்கும் அவருடைய அப்பாவுக்கு எழுத வேண்டுமாம். எதற்கென்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் உங்கள் கடைக்குச் செருப்பு வாங்க வந்தபோது நீதான் சந்தோஷமாகச் சொன்னாய்.

"பேரு வந்துடுச்சு சிஸ்டர். யென். குருவின்னு அர்த்தம்." பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாய். "கீழ நாலு புள்ளி இருக்கு பாரு, அதான் நெருப்பு. இவ ஜாதகத்துல மரம் ரொம்ப இருக்குதாம், நெருப்பு மட்டும் இல்லியாம். இல்லாதத பேருல வெச்சாங்க."

வருடம், மாதம், நாள், நேரம் என்று நான்குக்கும் இரண்டிரண்டு எழுத்து, அந்த எட்டு எழுத்தில்தான் ஜாதகமே இருக்கிறது என்றாய். நேரத்தை இரண்டிரண்டு மணியாகப் பிரிப்பார்களாம். "பகல் பதினொன்னுல இருந்து ஒன்னு வரைக்கும் குதிரை. அது நெருப்பு. ஒன்னு தாண்டிட்டா ஆடு, அது மண்ணு. இவ பத்து நிமிஷத்துல ஆடாயிட்டா!" என்று சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் மகள் பிறந்தது ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால். அவளுக்கு நெருப்பு இருந்தது. என்னால் இன்னொரு நெருப்பையும் வைத்துவிட்டார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் யென்னுக்குக் காய்ச்சல் வந்தால் நான்தான் முதலில் ஓடி வருவேன். டான்சில் என்று டாக்டர் சொல்வார், நானும் ஆமாம் என்பேன். நீயோ, "எவ்ளோ பாசம் சிஸ்டருக்கு" என்பாய். அந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு நூற்று நான்கு டிகிரி ஏறி வலிப்பு வந்த அன்று, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஜாதகம் உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாய். அவ்வளவுதான். என் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாய். பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பயந்து பயந்து சர்ச்சுக்குப் போய்வந்தேன்.

அப்புறம் ஒரு நாள் நீயே வார்டுக்கு வந்தாய், யென்னையும் கூட்டிக்கொண்டு.

"மாமனாருக்கு எழுதல. இவரு கிட்டயும் சொல்லல. விறகு நெறைய இருக்கிற வீட்ல ரெண்டு அடுப்பு எரியுது. தண்ணி வேணும். தண்ணியா ஒரு பேரு வை. தப்பு பண்ணவதான் வெக்கணும்."

பைபிளில் தேடலாம் என்று முதலில் நினைத்தேன். வாயில் வந்தது "காவேரி". நீ இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாய். "போதும், நெறைய தண்ணி" என்றாய். அன்றிலிருந்து நாம் இருவர் மட்டும் அவளை அப்படிக் கூப்பிட்டோம். காய்ச்சல் அதன்பிறகும் வந்தது, டான்சிலை எடுக்கும்வரை. நீ அதற்காக என்னைக் குறை சொன்னதில்லை. நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று அதை வைத்துத்தான் நம்புகிறேன்.

இன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். கடிகாரத்தைக் கழற்றியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யென் கல்லாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "காவேரி" என்றேன். நிமிர்ந்தவள் பேனாவை நோட்டின் மேல் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஆண்ட்டி, அந்தப் பேர இப்ப நீங்க மட்டுந்தான் கூப்புடுறீங்க. வாரத்துக்கு ஒரு தடவயாச்சும் வந்து கூப்ட்டுட்டுப் போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.